வராத மெயிலும் பதினேழு கவர்களும்

இருபத்து மூன்று வயது வரை, "எனக்குத் தெரியாது" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் தெரிந்ததால் அல்ல, சொல்லிப் பழக்கமில்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து, பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஃபேனுக்கும் நான் படித்த படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்து, "கெப்பாசிட்டர் போய்டுச்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்குவேன். (கெப்பாசிட்டர் பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.)

என் வேலை மெர்ச்சண்டைசிங். வெளிநாட்டுக்காரருக்கும் நம் கம்பெனிக்கும் நடுவில் நின்று, மாதிரி ஷூ அனுப்பி, மெயில் எழுதி, ஆர்டரைக் கரை சேர்க்கிற வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதே கம்பெனியில் மூணாம் லைனில் என் அக்கா அமுதா ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மிஷினில் உட்கார்ந்ததால்தான் நான் கல்லூரியில் உட்கார்ந்தேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் ஒருநாளும் மறந்ததில்லை. மறந்தது போல நடந்துகொண்டது உண்டு, அதுதான் இந்தக் கதை.

அந்த வருஷம் மூணாம் லைனுக்கு வேலை கம்மியாகிவிட்டது. ஜெர்மனி ஆர்டர் ஒன்று வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தால் லைன் ஓடும். வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அறுபது பெண்களும் வீட்டில் இருக்க வேண்டியதுதான், கூப்பிடும்போது வரலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாதிரி ஷூ பிடித்துப்போய்விட்டது, விலை முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஜெர்மனிக்காரர்கள் புதிதாக ஒரு இணையதளம் திறந்திருந்தார்கள். அதில் கம்பெனியின் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை, நம் நேரத்துக்கு மாலை நாலு மணி, அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். கணக்கு இல்லாத கம்பெனிக்கு இந்த சீசன் ஆர்டர் கிடையாது.

"யார் பாக்கறது இத?" என்று முதலாளி கேட்டார்.

"நான் பாக்கறேன் சார். பத்து நிமிஷ வேலை" என்றேன். பத்து நிமிஷம் என்று நான்தான் சொன்னேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கம்பெனி பெயர், விலாசம், எல்லாம் நிரப்பினேன். மெயில் ஐடி கேட்டது. பதிவில் இருக்கிற கம்பெனி ஐடியைத்தான் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. கொடுத்தேன். "உங்கள் மெயிலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே நிரப்புங்கள்" என்று வந்தது. அந்த ஐடியின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இருபது வருஷம் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் பொது மெயில் பெட்டியில் ஒரே ஒரு மெயில்கூட இல்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை, குப்பைகூட இல்லை. அது ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் இருந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. "பரவாயில்ல, சுத்தமா வெச்சிருக்காங்க" என்று மனசுக்குள் பாராட்டினேன்.

பக்கத்தில் "மீண்டும் அனுப்பு" என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். வரவில்லை. ஸ்பாம் பார்த்தேன், அதுவும் காலி. பிரவுசரை மாற்றி அழுத்தினேன். அந்தப் பிரவுசரிலும் வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு அழுத்தினேன். பிறகு மோடம்தான் குற்றவாளி என்று முடிவுசெய்து, யாரிடமும் சொல்லாமல் அதைப் பிடுங்கி மறுபடி செருகினேன். வாசலில் துறைமுகத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றிருந்த லாரிக்கு அந்த நேரம் பார்த்து பில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பில் பாதியில் நின்று, லாரி முக்கால் மணி நேரம் நின்று, டிரைவர் இறங்கிவந்து யார் அது என்று விசாரித்தார். நானும் அவரோடு சேர்ந்து, "யாருண்ணா அது?" என்று விசாரித்தேன்.

பன்னிரண்டு மணிக்குள் பதினாறு தடவை அழுத்தியிருந்தேன். என் பக்கம் ஒரு தப்பும் இல்லை என்பதில் எனக்கு சந்தேகமே இல்லை. தப்பு ஜெர்மனி பக்கம்தான். உடனே அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு என் சொந்த ஐடியிலிருந்து ஒரு மெயில் எழுதினேன், முதலாளிக்கும் ஒரு நகல் போட்டு. எங்கள் பக்கம் அனைத்தும் சோதிக்கப்பட்டுவிட்டது, பழுது உங்கள் சர்வரில் உள்ளது, உங்கள் தொழில்நுட்ப ஆட்களைக் கொண்டு உடனே சரி செய்யவும், இதனால் ஏற்படும் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. ஒரு நாட்டையே நிற்கவைத்துக் கேள்வி கேட்ட திருப்தியோடு பதினேழாவது தடவை அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. முயற்சிகள் அதிகம், மூன்று மணி நேரம் கழித்து இன்று ஒரே ஒரு முறை முயலலாம்.

மணி பன்னிரண்டே கால். மூன்று மணி நேரம் என்றால் மூன்றேகால். நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அக்காவோடு உட்கார்ந்தேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாய்க்குப் போகவில்லை.

"இன்னாடி, மூஞ்சே சரியில்ல" என்றாள்.

"ஜெர்மனி மெயில் வர்லக்கா. அவங்க சர்வர் சரியில்ல."

"கம்பெனி மெயிலுன்னா பழைய ஆபீஸ்ல சம்சுதீன் பாய்க்கு இல்ல வரும்? அவராண்ட கேட்டியா?"

"அவருக்கு இன்னாக்கா தெரியும்? இது பேப்பர் இல்ல, ஆன்லைன்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கம்ப்யூட்டர் படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சம்சுதீன் பாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாலைக்கு அந்தப் பக்கம் பழைய கட்டடத்தில் தபால் பிரிவு. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து பாய்தான் அதற்கு எல்லாம். மேல்விஷாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், ஒருநாள்கூட லேட் கிடையாது. வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் முத்திரை குத்தி, நம்பர் போட்டு, பதிவேட்டில் எழுதி, உரியவர் மேசைக்கு அனுப்புவார். அப்புறம் ஃபேக்ஸ் வந்தது, அதற்கும் முத்திரை. மெயில் வந்தபோது அவர் பிரிண்ட் எடுத்து முத்திரை குத்தினார். பொது ஐடிக்கு வந்த மெயில்கள் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, மூலையில் ஊதா முத்திரையோடு காகிதமாக என் மேசைக்கு வரும். நான் சிரித்துவிட்டு அவற்றை டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்துக்கொள்வேன். அதாவது, கம்பெனி மெயில் எந்த வழியாக வருகிறது என்று எட்டு மாதமாக என் சாம்பாருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. ஒரு அம்மாள் எழுதியிருந்தார். மிகவும் மரியாதையான மெயில், அதுதான் வலித்தது. காலையிலிருந்து பதினேழு மெயில்கள் அனுப்பியிருக்கிறோம், ஒவ்வொன்றும் நாலு விநாடிக்குள் உங்களை வந்தடைந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் சில நிமிஷங்களுக்குள் உங்கள் பக்கம் யாரோ படித்ததாக ஒப்புதலும் வந்திருக்கிறது என்று சொல்லி, பதினேழு நேரத்தையும் வரிசையாகக் கொடுத்திருந்தார். கடைசியில் ஒரு குறிப்பு. புதிய எண் கேட்டவுடன் பழைய எண் செல்லாது, ஒரு எண்ணுக்குப் பதினைந்து நிமிஷம்தான் ஆயுள், ஆகவே ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது டீ இடைவேளை நேரம். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா நான் ஓடுவதைப் பார்த்து, டம்ளரை வைத்துவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

சம்சுதீன் பாய் தொழுகை முடித்து, சாப்பிட்டு, தொப்பியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பாய், ஜெர்மனிலேர்ந்து இன்னிக்கு மெயில் எதாவது வந்துச்சா?"

"வந்துச்சேமா. பதினேழு."

அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எங்க பாய் அது?"

"பிரிண்ட் எடுத்தேன், முத்திர போட்டேன், என்ட்ரி போட்டேன். மெயிலு வந்ததுமே என் கம்ப்யூட்டருக்கு எறங்கிடும், பொட்டில நிக்காது. தபால எடுத்துட்டா பொட்டி காலியா இருக்கணும்ல?"

"அந்தப் பேப்பருங்க எங்க?"

"அத சொல்லக்கூடாதும்மா."

"ஏன் பாய்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது.

"கீழ இங்கிலீஷ்ல தெளிவா போட்டிருக்கான். இந்த நம்பர யாருக்கும் சொல்லாதீங்கன்னு. மேல கணக்கோட உரிமையாளருக்குன்னு போட்டிருக்கான். உரிமையாளர் யாரு? மொதலாளி. அதனால ஒவ்வொண்ணையும் கவர்ல போட்டு, ஒட்டி, ரகசியம்னு எழுதி, மொதலாளி டேபிள்ல வெச்சிட்டேன். நாலஞ்சு வந்தப்பவே எனக்கே சந்தேகம்தான். ஆனா ஒவ்வொண்ணுலயும் வேற வேற நம்பரு. ஒரே நம்பரா இருந்தா டூப்ளிகேட்னு விட்ருப்பேன்."

அந்தக் குறிப்பை இந்தத் தேசத்தில் எத்தனை பேர் படித்திருப்பார்களோ, படித்து அப்படியே நடந்துகொண்டவர் எனக்குத் தெரிந்து சம்சுதீன் பாய் ஒருவர்தான்.

நாங்கள் முதலாளி அறைக்குப் போகத் திரும்பினோம். அவசியமில்லாமல் போயிற்று, அவரே வந்துகொண்டிருந்தார். தொழுகைக்குப் போனவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருக்கிறார். மேசைமேல் ரகசியம் என்று எழுதிய பதினேழு கவர்களைப் பார்த்ததும், யாரோ யார்மேலோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். கை நிறையக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"இன்னா பாய் இது? பதினேழு நம்பர் இருக்குது. எதுக்குன்னு போடல."

நான் சொன்னேன். மூச்சு விடாமல், முதலிலிருந்து, மோடம் உட்பட. லாரி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். (அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லாம் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது.) முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"இன்னும் ஒரு தடவ கேக்க விடுவானா?"

"ஒரே ஒரு தடவ விடுவான் சார். அதுக்கப்புறம் நாளைக்குத்தான்."

"அப்ப கேளு. நம்பர் வந்ததும் பாய் சொல்லிடுவாரு, நீ போட்ரு."

"சொல்றதுக்கில்ல சார்" என்றார் பாய், மிகப் பணிவாக. "கவர்ல போட்டு உங்க கைல குடுக்கறேன். நீங்க உரிமையாளர், நீங்க யார்ட்ட வேணா சொல்லிக்கலாம். நான் சொன்னதா இருக்கக்கூடாது."

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் அந்த மனிதரோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை என்று பிறகு சொன்னார்.

நான் லேப்டாப்பைப் பாய் மேசையின் ஓரத்தில் வைத்து, ஒரு தடவை அழுத்தினேன். பாயின் கணினியில் மணி அடித்தது. அவர் மெயிலைத் திறந்து, முழுவதும் படித்தார். காலையில் பதினேழு தடவை படித்த அதே மெயிலை. பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் சூடாக நேரம் எடுத்துக்கொண்டது. காகிதம் வந்தது. அதை எனக்கு எதிர்ப்பக்கமாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். தேதிச் சக்கரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பதிவேட்டைத் திறந்து, ஸ்கேலை வைத்து, ஒரு கோடு போட்டு, எழுதத் தொடங்கினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கு அந்த முத்து ஒவ்வொன்றும் என் உயிரை எடுத்தது.

ஏழு நிமிஷம் போய்விட்டது. என் கண் முன்னால் திரையில் அந்தப் பட்டன் இருந்தது. "மீண்டும் அனுப்பு." என் ஆள்காட்டி விரல் தானாகவே அதை நோக்கிப் போயிற்று. சத்தியமாக நான் அனுப்பவில்லை, விரலாகப் போயிற்று. காலையிலிருந்து பழகிப்போன விரல்.

அக்கா சட்டென்று முன்னால் வந்து என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

"கைய எடு" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்லக்கா."

"பண்ண வேணாம். ஒண்ணும் பண்ணாத. கொஞ்ச நேரம் சும்மா இரு, போதும்."

அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி தைக்கிற கை. அந்தக் கையின் வேலை என் விரலில் இருந்தது, அந்த விரலைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூணாம் லைன் பெண்கள் பாதிப் பேர் வந்து நின்றிருந்தார்கள், இடைவேளை முடிந்து மணி அடித்ததுகூட அவர்கள் காதில் விழவில்லை.

பாய் காகிதத்தை மடித்தார். கவரில் போட்டார். நாக்கால் ஒட்டப் போனவரை முதலாளி, "பாய், ஒட்டாத குடு" என்றார். பாய் யோசித்தார். உரிமையாளரே கேட்பதால் அதில் ஆட்சேபம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும், கொடுத்தார். ஆனால் பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் முதலாளியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கவரை விட்டார். முதலாளி காகிதத்தை எடுத்து ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அக்கா என் வலது கையை மட்டும் விட்டாள். இடது கையை விடவில்லை. ஒரு கையால் ஆறு எண்ணையும் அடித்தேன்.

பச்சை டிக் வந்தது. அங்கீகரிக்கப்பட்டது என்று வந்தது. மூன்றே முக்கால்.

யாரும் கை தட்டவில்லை. முதலாளி ஜன்னலைப் பார்த்து, "போங்கமா, வேலையப் பாருங்க" என்றார். அந்தப் பெண்களுக்கு அதைவிட நல்ல வார்த்தை அன்றைக்கு வேறு இல்லை. பாய் எழுந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு மட்டும் பதிவேட்டில் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை மூணாம் லைன் வழக்கம்போல ஓடியது. நான் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக மூன்று தடவை நடந்தேன். அக்கா தலை நிமிரவில்லை, அவளுக்கு வேலை இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றது, என் எட்டு மாத உத்தியோகத்தில் நான் அடைந்த ஒரே பெருமை. என் திறமைக்காக இல்லை, நான் கையை எடுத்ததற்காக.

ஜெர்மனி அம்மாளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார் முதலாளி. பழுது எங்கள் பக்கம்தான், எங்கள் தபால் முறையில் ஏற்பட்ட சிறிய தாமதம் என்று எழுதினேன். பாய் அதற்கும் ஒரு பிரிண்ட் எடுத்து முத்திரை குத்தினார். இப்போதும் அந்தக் கம்பெனியில் மெயில்கள் காகிதமாகத்தான் நடக்கின்றன, ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. ஆறு இலக்க எண் வந்தால் பாய் போன் செய்து, "உனக்கு ஒரு ரகசியம் வந்துருக்கு, நேர்ல வா" என்கிறார்.

கம்பெனியில் என் பெயர் பதினேழு சுகந்தி ஆயிற்று. அது போனால் போகட்டும், வீட்டில் நடப்பதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் குடியாத்தத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ரெண்டாம் நாளே, ஒரு போன் போட்டுக் கேளேன் என்று அம்மாவை நச்சரித்தேன். அக்கா போனை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு தடவ கேட்டாச்சி இல்ல? திரும்ப கேட்டினா மொத கேட்டது செல்லாம போய்டும். சும்மா இரு."

அஞ்சாம் நாள் அவர்களே போன் செய்தார்கள். அந்தப் போனையும் அக்காதான் எடுத்தாள்.

இப்போது என் கணவரைச் சாப்பிடக் கூப்பிட்டால், ஒரு தடவைக்கு எழுந்து வரமாட்டார். ரெண்டாவது தடவை கூப்பிட்டால் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டாவது தடவ கூப்ட்டியா? அப்ப மொத தடவ கூப்ட்டது கேன்சல். இதுலேர்ந்து பதினஞ்சு நிமிஷம் இருக்குது" என்கிறார். அக்காதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் கையில் கரண்டியோடு நிற்கிறேன், சாதம் ஆறிப்போகிறது.